சோளகம் தணியும் நாட்கள்

மன்னார்த் தீவிலே பள்ளிக்கூட விடுமுறை முடியப்போகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலில் அறிவிப்பது காற்றுதான். வைகாசியில் எழும் சோளகம் ஆனி, ஆடி மாதங்களில் தீவின் குறுக்கே ஓயாமல் வீசும். தென்கரை மணலை வாரிக்கொண்டு வந்து பனந்தோப்புகளின் ஊடே கொட்டும், வேலிகளை மூடும், சோற்றுப் பானையைச் சிறிது நேரம் திறந்து வைத்தால் அதற்குள்ளும் புகுந்துவிடும். ஆவணி பிறந்து பத்து நாள் கழிந்தபின் அதன் மூர்க்கம் சிறிது சிறிதாகத் தணியும். ஒரு மாலை பனையோலைகளின் இரைச்சல் குறைந்திருக்கும். எங்கள் ஆச்சி திண்ணையில் இருந்தவாறே முகத்தை உயர்த்திப் பார்த்துவிட்டு, "காத்துத் தணியுது, இனிக் கொப்பி புத்தகத்தைத் தேடுங்கோ" என்பார். அதைக் கேட்டதும் எங்கள் வயிற்றில் ஏதோ ஒன்று கனக்கும்.

நாங்கள் பேசாலையில் வளர்ந்தவர்கள். வீட்டில் ஐந்து பிள்ளைகள். அக்கா மூத்தவள்; அவளுக்குப் பின்னே நாங்கள் நால்வர். இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று வருவது பெரும்பாலும் அந்த நால்வரையே குறிக்கும். அக்காவையும் அதில் சேர்ப்பதா, விடுவதா என்பதே நாங்கள் இங்கே சொல்ல வந்த சங்கதி.

பேசாலை தீவின் வடகரையில் உள்ளது. சோளகக் காலத்தில் தென்கடல் கொந்தளித்துக் கிடக்கும். அந்நாட்களில் வடகடல் அடங்கியிருக்கும். வாடைக்காற்று எழும் ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழாகும். ஆகையால் மீனவர்கள் வலை, வள்ளம், வாடிச் சாமான்கள் யாவற்றையும் வடகரையிலிருந்து தென்கரைக்கும், பின்னர் தென்கரையிலிருந்து வடகரைக்கும் மாற்றிக்கொள்வார்கள். தீவோ அகலம் குறைந்தது. மாட்டு வண்டியில் கொண்டு போய்விடலாம். எங்கள் ஆவணி விடுமுறை, கடல் எங்கள் வாசலுக்கு நேரே தொழில் தரும் காலத்தில் வந்தது. அதனால் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் ஓய்வு. எங்களுக்கு விடுமுறை என்றால் வேலை. ஆனால் அதை வேலை என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நாங்களும் விளையாட்டென்றே எண்ணியிருந்தோம்.

காலையில் தலைமன்னாருக்குப் போகும் புகைவண்டி கூவும் ஒலியே எங்களுக்கு மணிக்கூடு. அதற்கு முன்பே அண்ணன் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போயிருப்பான். கயிற்றின் வால் பக்கத்தைப் பிடித்து இழுக்கும் சிறுவர்களுக்கு வலை கரையேறியதும் ஒரு கை சூடையோ சாளையோ கிடைக்கும். அதைச் சட்டை மடியில் கட்டிக்கொண்டு அவன் வீடு வரும் தோரணையைப் பார்க்க வேண்டும். ஒரு சம்மாட்டி தோற்றுப் போவார். பெண்பிள்ளைகளுக்குக் கருவாட்டுக் காவல். வெயில் ஏற ஏறப் பரப்பிய மீனைப் புரட்டிவிட வேண்டும்; காகத்தையும் நாயையும் விரட்ட வேண்டும். மணலில் தோண்டிய சிறு கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் அள்ளிவர வேண்டும். கடலுக்கு இவ்வளவு அருகில் அவ்வளவு இனிப்பான நீர் எப்படி ஊறுகிறது என்று நாங்கள் அப்போது வியந்ததில்லை. வெளியூர் சென்று உப்பு நீர் குடித்த பிறகே வியந்தோம்.

ஆவணி பனம்பழக் காலமுமாகும். இரவில் பழம் விழும் 'தொப்' என்ற ஓசையைப் படுக்கையில் கிடந்தபடியே எண்ணுவோம். எந்தத் திசையில், எந்த மரத்தடியில் என்று குறித்துக்கொண்டு, விடியுமுன் ஓடுவோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதே ஓசையை எண்ணியிருப்பார்கள். சில பழங்களை நெருப்பிலிட்டுச் சுட்டுச் சூப்புவோம். மற்றவற்றை அம்மாவும் ஆச்சியும் தோலுரித்துப் பிசைந்து களியெடுப்பார்கள். ஒரு பகுதி பணியாரமாகும். எஞ்சியது பாயில் பூசப்பட்டு, காய்ந்தபின் அதன்மேல் மறு பூச்சும், அதன்மேல் இன்னொன்றுமாகப் பனாட்டாகத் தடிக்கும். காற்றுக்குப் பயந்து பாயைப் பரண்மேல் ஏற்றி வைத்தாலும் மணல் வந்து ஒட்டாமல் விடாது. பல்லில் இரண்டு மணலாவது கடிபடாவிட்டால் அது எங்கள் ஊர்ப் பனாட்டாகுமா என்று ஆச்சி கேட்பார். பிழிந்த விதைகளை விடுமுறையின் கடைசி வாரத்தில் பாத்தி கட்டி அடுக்கி மண்ணால் மூடுவோம். மழை பெய்து, அவை முளைத்துக் கிழங்காகித் தை மாதமளவில் அடுப்பேறும். அந்தப் பாத்தி கட்டுவது முடிந்தால் விடுமுறையும் முடிந்தது.

மடுத் திருவிழா ஆகஸ்ட் 15ஆம் திகதி. எங்கள் விடுமுறையை அதுவே இரண்டாகப் பிரிக்கும். அதற்கு முந்திய நாட்கள் நீளமானவை. பிந்திய நாட்கள் கட்டையானவை. பேசாலையில் வண்டியேறி மடு றோட் நிலையத்தில் இறங்கி, காட்டினூடே சென்று, மரத்தடிக் குடிலில் நாலைந்து நாள் தங்குவது வழக்கம். வேதக்காரரும் சைவரும் சிங்களவரும் ஒரே வாளியில் தண்ணீர் அள்ளும் இடம் அது. திரும்பி வந்த மறுநாளே அம்மா எங்கள் பழைய சட்டைகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எது தாங்கும், எதற்கு ஒட்டுப் போடலாம், எது அடுத்தவனுக்கு இறங்கலாம் என்ற கணக்கு அன்று தொடங்கும்.

1965இல் நாங்கள் மடுவுக்குப் போகவில்லை.

முந்திய ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி இரவு அடித்த புயலைப் பற்றி இன்றைய பிள்ளைகள் தனுஷ்கோடியின் பெயரால் அறிவார்கள். அக்கரையில் ஊரையே கடல் கொண்டது. பயணிகளோடு ஒரு புகைவண்டியும் போயிற்று. அதே கடலின் இக்கரையில் நாங்கள் இருந்தோம். உயிர் தப்பியது எங்கள் வீட்டுக்குக் கிடைத்த பேறு. ஆனால் அப்பாவின் வள்ளம் இரண்டு துண்டாகிப் பனையடியில் கிடந்தது. வலையில் மிஞ்சியது ஊஞ்சல் கட்டத்தான் உதவியது. அதன் பிறகு அப்பா பிறருடைய கரைவலையில் கூலிக்கு நின்றார். புது வலைக்கென்று ஒரு முதலாளியிடம் கடனும் வாங்கியிருந்தார். கடன் கொடுத்தவருக்கே மீன் விற்க வேண்டும், அவர் சொன்ன விலைக்கே விற்க வேண்டும் என்பது கடற்கரையில் எழுதப்படாத உடன்படிக்கை. சனிக்கிழமைக் கணக்கு முடித்து வரும் அப்பாவின் மடி இலேசாக இருக்கும்.

அக்காவுக்கு அப்போது வயது பதினான்கு. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு தவணை முடித்திருந்தாள். அந்த விடுமுறை முழுவதும் அவள் ஓலையோடு இருந்தாள். குருத்தோலையை வெயிலில் காயவைத்து, வார்ந்து, சாயமிட்டு, பெட்டியும் நீற்றுப்பெட்டியும் மூடற்பெட்டியும் இழைத்தாள். எங்களோடு பனம்பழம் பொறுக்க ஓடிவரவில்லை. "அக்கா பெரிய மனுசியாகிவிட்டா" என்று நாங்கள் கேலி செய்தோம். பெட்டிகள் ஒன்றினுள் ஒன்றாக அடுக்கப்பட்டுக் கூரையின் வளைவரை உயர்ந்தன. எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. பிள்ளைகள் கேட்காத கேள்விகளுக்குக் கணக்கேது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் அப்பா எங்களைப் பட்டணம் அழைத்துச் சென்றார். பேசாலையிலிருந்து மன்னார்ப் பட்டணம் பத்துப் பதினொரு மைல். சிவப்பு பஸ்ஸில் இருக்கை கிடைக்கவில்லை; பெட்டிக் கட்டைத் தலைக்கு மேலே பிடித்தபடி அப்பா நின்றார். கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, விளிம்பை விரலால் நெரித்துப் பார்த்து, "நல்ல கை" என்றார். நல்ல கை என்று சொன்னவர் நல்ல விலை சொல்லவில்லை. எட்டு ரூபாவும் சில்லறையும் அப்பாவின் கைக்கு வந்தன. அடுத்த கடையில் அவை கொப்பிகளாகவும் பென்சில்களாகவும், கடைசித் தம்பிக்கு ஒரு சிலேட்டாகவும், இரண்டு சட்டைக்கான வெள்ளைத் துணியாகவும் மாறின. நாங்கள் கொப்பிகளை மோந்து பார்த்தோம். புதுக் கடதாசியின் மணம் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு இனித்ததில்லை.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தபடியால் அப்பா எங்களைப் பள்ளிமுனைப் பெருக்கமரத்தைக் காட்டக் கூட்டிச் சென்றார். வழியெல்லாம் கழுதைகள், மன்னார்ப் பட்டணத்தில் மனிதருக்குச் சமமாக வீதியுரிமை கொண்டவை அவை. ஆபிரிக்காவிலிருந்து வந்த மரவினம் அது. அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்வார்கள். உயரம் இருபத்தைந்து அடிக்குள்தான். சுற்றளவோ அறுபது அடியைத் தாண்டும். நாங்கள் நால்வரும் கைகோத்து அணைத்துப் பார்த்தோம். கால்வாசிகூட வரவில்லை. "அக்காவும் வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் எட்டியிருக்கும்" என்றான் கடைசித் தம்பி. அப்பா ஒன்றும் சொல்லாமல் கடற்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறார் என்றே நாங்கள் நினைத்தோம்.

கொப்பிகளுக்கு உறை போடும் இரவு எங்கள் வீட்டில் ஒரு கொண்டாட்டம். பழைய பத்திரிகைத் தாள்களை ஆச்சி பாயின் கீழே சேர்த்து வைத்திருப்பார். அம்மா கோதுமை மாவில் கூழ் காய்ச்சித் தருவார். அக்கா விளக்கின் அருகே அமர்ந்து ஒவ்வொரு கொப்பிக்கும் உறையிட்டு, மடிப்பை நகத்தால் அழுத்தி, வெள்ளைத் தாளில் சதுரம் வெட்டி ஒட்டி, தொட்டெழுதும் பேனாவை மைக்கூட்டில் நனைத்துப் பெயர் எழுதுவாள். எங்கள் குடும்பத்தில் கையெழுத்து என்று சொல்லத்தக்கது அவளுக்கே வாய்த்தது. மற்ற வீட்டுப் பிள்ளைகளும் கொப்பிகளைக் கொண்டுவந்து வரிசையில் இருப்பார்கள். தமிழ், கணக்கு, ஆங்கிலம், சரித்திரம், பூமிசாத்திரம், சுகாதாரம் என்று அவள் எழுத எழுத, நாங்கள் ஊதி ஊதி மையைக் காயவைப்போம். காற்றில் பறக்காதிருக்க ஒவ்வோர் அடுக்கின் மேலும் ஒரு பாரம் வைக்கப்படும். அப்பாவின் வலையில் எப்போதோ ஏறிய பெரிய சங்கொன்று வீட்டில் இருந்தது. அது எப்போதும் அக்காவின் அடுக்குக்கு உரியது.

அன்றிரவு அந்தச் சங்கு அண்ணனுடைய அடுக்கின்மேல் இருந்தது. நாங்கள் எண்ணினோம். நான்கு அடுக்குகள். ஐந்தாவது இல்லை. "உன்னுடையது எங்கே?" என்று சின்னத்தங்கச்சி கேட்டாள். "எனக்குப் பிறகு வாங்கலாம்" என்றாள் அக்கா, எழுதுவதை நிறுத்தாமல்.

பாயில் கிடந்து தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அன்றிரவு அம்மாவின் குரல் கேட்டது. "இந்தத் தவணை மட்டும் நிக்கட்டும். தையில போகலாம்." அப்பா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "பெடியன் நிக்கிறன் எண்டு சொன்னவன்" என்றார். அண்ணன் கடலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். எங்கள் கரையில் பள்ளியை விட்டு முதலில் நிற்பவர்கள் ஆண்பிள்ளைகளே. வள்ளத்தில் ஒரு சிறுவனுக்கு எப்போதும் இடமுண்டு. ஆனால் அந்தப் புயலுக்குப் பிறகு அப்பா கடலை நம்பவில்லை. மகனை அதற்குக் கொடுக்க மனம் வரவில்லை. கூலிக்குப் போகத் தொடங்கியிருந்த அம்மாவுக்குப் பதிலாக வீட்டிலும் ஓலையிலும் இரண்டு கைகள் வேண்டியிருந்தன. அவை அக்காவுடையனவாக இருந்தன.

பள்ளி தொடங்கிய காலையில் அவளே எங்களுக்குத் தலைவாரிவிட்டாள். படலை வரை வந்து, தம்பியின் சிலேட்டைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தாள். பாவாடை விட்டுச் சேலையுடுத்த அவளுடைய முதல் வாரம் அது. நாங்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். கல்நெஞ்சால் அல்ல, யாருடைய கொப்பியின் அட்டை அழகு என்று தர்க்கம் நடந்துகொண்டிருந்தது.

தை வந்தது. பாத்தியைக் கிண்டிக் கிழங்கு எடுத்து அவித்தோம். அக்கா பள்ளிக்குப் போகவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவுமில்லை.

எங்கள் நாட்டில் 1945இலேயே கல்வி இலவசமாயிற்று என்பது பெருமைக்குரியதே. கட்டணம் கேட்காத பள்ளிக்கூடம் இல்லாதிருந்தால் நாங்கள் நால்வரும் எழுத்தறிந்திருக்க மாட்டோம். ஆயினும் படலையிலிருந்து பள்ளிவாசல் வரையுள்ள செலவு பெற்றோரின் தலையிலேயே இருந்தது. பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 1980இல். சீருடைத் துணி 1993இல். பதினைந்து ஆண்டு முந்தி அவை வந்திருந்தால் அக்கா படித்திருப்பாளா என்று நாங்கள் பல தடவை விவாதித்திருக்கிறோம். கொப்பி மட்டுமே குறையாக இருந்ததென்றால் ஆம் என்போம். ஆனால் கடனுக்குப் போன மீனையும், வீட்டுக்கு வேண்டிய கைகளையும் எந்தத் திணைக்களமும் இலவசமாகத் தருவதில்லை. அம்மாவையோ அப்பாவையோ குறைசொல்ல எங்களுக்கு நா எழவில்லை. அக்காவும் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் சொல்லாதிருந்ததே எங்களுக்குச் சுமையாயிற்று.

இரண்டு ஆண்டு கழித்து அண்ணன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தான். அவ்வருட மூன்றாந் தவணையில் ஒரு புதுமையைக் கண்டோம். மாலையில் அவன் கொப்பிகளைத் திண்ணையில் போட்டுவிட்டு ஓடுவான். இராச் சாப்பாட்டுக்குப் பின் அக்கா அவற்றை எடுத்து விளக்கின் முன் இருப்பாள். அண்ணன் எழுதியதை வாசித்து, பழைய கொப்பிகளில் மிஞ்சிய வெற்றுத் தாள்களைக் கிழித்துத் தைத்த ஒரு கொப்பியில் தானும் கணக்குகளைச் செய்வாள். தவறான விடைகளின் பக்கத்தில் பென்சிலால் சிறிய புள்ளி வைப்பாள். அண்ணன் அந்தப் புள்ளிகளைப் பார்த்துத் திருத்தி எழுதி, பள்ளியில் நல்ல பெயர் வாங்கினான். இவ்வாறு ஒன்பதாம் வகுப்பின் மூன்றாந் தவணையை அவள் தம்பியின் கையெழுத்தில் படித்து முடித்தாள். பத்தாம் வகுப்பையும் அவ்வாறே படித்தாள். பரீட்சைக்கு அவன் போனான்.

அதன் பின் நடந்தவை பலருக்கும் நடந்தவையே. அவளுக்கு அதே ஊரில் கலியாணமாயிற்று. நாங்கள் உத்தியோகத்தாலும், பின்னர் யுத்தத்தாலும் சிதறினோம். தலைமன்னார்ப் புகைவண்டி 1990இல் நின்றுபோயிற்று. அக்கா குழந்தைகளோடு இடம்பெயர்ந்தாள், திரும்பினாள், மறுபடியும் கூரை வேய்ந்தாள். 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரை வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியபோது அதன் கூவலைக் கேட்டுத் திண்ணையில் வந்து நின்றதாகத் தொலைபேசியில் சொன்னாள். இப்பொழுது தென்கரையில், 2020 இறுதியில் திறந்து வைக்கப்பட்ட தம்பபவனித் திட்டத்தின் முப்பது காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. எங்கள் பனாட்டில் மணல் தூவிய சோளகம் இன்று மின்சாரம் அரைக்கிறது. ஆச்சி இருந்திருந்தால் காற்றாடி மெதுவாகச் சுற்றுவதைப் பார்த்தே கொப்பி புத்தகத்தைத் தேடச் சொல்லியிருப்பார். பள்ளித் தவணைகளும் கொரோனாத் தொற்றுக் காலத்துக்குப் பிறகு முன்னைய நாட்களில் நிற்காமல் நகர்ந்துகொண்டிருந்தன.

கடைசியாக நாங்கள் நால்வரும் ஒன்றாகப் பேசாலை சென்றது அப்படியொரு விடுமுறை முடிவில்தான். அக்காவுக்கு எழுபது கடந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் பளபளப்பான பிளாஸ்ரிக் உறைகளோடு வந்தார்கள். அவள் அவற்றைத் தள்ளிவைத்துவிட்டுப் பத்திரிகைத் தாள் கேட்டாள். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், பின்னர் எங்களைப் போலவே வரிசையில் குந்திக்கொண்டார்கள். கை சற்று நடுங்கினாலும் எழுத்து நடுங்கவில்லை. கடைசியாக மூத்த பேத்தியின் கொப்பி. பெயரை எழுதினாள். பாடத்தை எழுதினாள். அதன் கீழே 'தரம் 9' என்று எழுதிவிட்டு, பேனாவை எடுக்காமல் சிறிது நேரம் இருந்தாள்.

"அம்மம்மா, மை ஊறப்போகுது" என்றாள் பேத்தி.

அக்கா ஊதினாள். கொப்பியை அடுக்கின் உச்சியில் வைத்தாள். உள்ளே சென்று, விளிம்பெல்லாம் தேய்ந்துபோன அந்தச் சங்கை எடுத்துவந்து அதன்மேல் வைத்துவிட்டு, எங்களைப் பார்த்து, "சோறு ஆறுது, வாங்கோ" என்றாள்.